கணக்கு ஏறாத பிள்ளைக்கு ஏற்ற வேலை

கண்டியில் சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் ஊருக்கு ஊர் ஆலோசகர்கள் முளைத்துவிடுகிறார்கள். "பிள்ளைக்குக் கணக்கு ஏறாது. மனசால் பிடிக்கிற பிள்ளை. பகுதிநேரமாகத் தையலோ அழகுக்கலையோ பழக விடுங்கள்." யோசிக்கிறவர்கள் ஒரு சாதி, உணர்கிறவர்கள் இன்னொரு சாதி என்ற இந்தப் பிரிவினை சுத்தப் புரட்டு.

ஹந்தானைச் சரிவில் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற பெண்ணைப் பாருங்கள். எங்கள் பக்கத்தின் பழைய பகுதிநேர வேலை அது. விரல் தானாக ஓடுகிறது என்பார்கள். ஓடட்டும். எந்தக் கொழுந்தை இன்று எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது? விட்டது அதற்குள் முற்றிவிடுமா? மழையில் நனைந்த இலைக்கும் கூடைக்கும் தராசில் எவ்வளவு கழிப்பார்கள்? சாதாரண நாளென்றால், கிலோ குறைந்து அரைப் பேர், அதாவது பாதி நாட்சம்பளம், விழாமல் இருக்க மத்தியானத்துக்குள் நிரையில் எங்கே நிற்க வேண்டும்? இத்தனையும் கூட்டல் கழித்தல்தான். வாயால் சொல்லவில்லை என்பதற்காக யோசிக்கவில்லை என்றாகிவிடுமா?

அதே தேயிலையைக் கொழும்பில் ஒருவர் உறிஞ்சித் துப்பி, நொடியில் தரம் சொல்கிறார். அவருக்குப் பெயர் நிபுணர். அவர் நாக்குக்கு முன்னால் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று அளந்து ஊற்றிய சாயம் வரிசையாக இருக்கிறது. வருடக்கணக்கில் அப்படிக் குடித்துப் பழகியதுதான் அந்த நொடி.

1973இல் உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹேர்பர்ட் சைமனும் இதே போன்ற நொடியைச் சதுரங்க வல்லவர்களிடம் சோதித்தார்கள். நிஜ ஆட்டத்தின் காய்நிலையைச் சில விநாடி பார்த்தே திரும்ப அடுக்கிய வல்லவர்கள், காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது கற்றுக்குட்டிகளைப் போலத் தடுமாறினார்கள். உள்ளுணர்வு என்று நாம் கும்பிடுவது பெரும்பாலும் பழக்கத்தில் ஊறிய அறிவுதான்.

பிறகு ஏன் இந்தப் பிரிவினை? கூலிக்காக. 'பெண்களுக்கு இயல்பாக வரும் கை' என்று புகழப்பட்டவர்களுக்கு, 1984 வரை தோட்டத்தில் ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளம். இயல்பாக வருவதற்குக் காசு எதற்கு என்பதுதான் அந்தப் புகழ்ச்சிக்குள் இருந்த கணக்கு. தையலுக்கும் இதே கதிதான். இடுப்பளவு பார்த்து, துணி வீணாகாமல் இரவிக்கை வெட்டுவது வடிவியல் இல்லையாம், கைராசியாம்!

கண்டி டவுனில் கணித டியூஷன் கொடுப்பதும் பகுதிநேர வேலைதான். நல்ல மாஸ்டர் கொப்பியைத் திறந்ததும் பிழையான வரியில் விரல் வைப்பார், எப்படிக் கண்டீர்கள் சேர் என்றால் சிரிப்பார். அதையும் உள்ளுணர்வு என்று சொல்லி அவர் கட்டணத்தைக் குறைக்கச் சொன்ன ஆலோசகர் எவரும் இல்லை.