விடிகாலை முதல்



இந்த இதழுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரில் தெருத்தெருவாக மீன் விற்கும் அக்கா ஒருவர் வஞ்சரத்தின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். சங்கராவை விலை கேட்டார். கடைசியில் ஒரு கூடை கானாங்கத்தை எடுத்துக்கொண்டார். "வஞ்சரம் எடுத்தா நல்லா நிக்கும்மா. இன்னிக்கு கைல இருக்கறது இவ்ளோதான்."

எந்த மீன் எந்தத் தெருவில் போகும், வெள்ளிக்கிழமை எவ்வளவு குறைத்து எடுக்கவேண்டும், ஐஸுக்கு எவ்வளவு, ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு, எந்த வீட்டுக்கு எதுவரை கடன் வைக்கலாம், எல்லாமே அவரிடம் மனக்கணக்காக இருக்கிறது. பெண்களுக்குத் தொழில் பயிற்சி தரவேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். இந்த அக்காவிடம் நாம் போய்க் கற்றுக்கொள்ளலாம். அவரிடம் இல்லாதது, ஏலம் கூவும் நேரத்தில் கையில் இருக்கவேண்டிய முதல் மட்டும்தான். அதற்குத்தான் தண்டல் கடன். "பத்தாயிரம்னு எழுதிப்பாங்க. கைல எட்டாயிரத்து ஐந்நூறு வரும். தெனம் நூறு ரூபா, நூறு நாளு." மழை என்றாலும், காய்ச்சல் என்றாலும், அந்த நூறு ரூபாய்க்கு விடுமுறை கிடையாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஜெயா அருணாசலம் நினைவுக்கு வந்தார். 1977 வெள்ளத்தின்போது நிவாரண வேலைக்காகச் சென்னையின் குடிசைப் பகுதிகளுக்குப் போனவர் அவர். அங்கே பூ, காய்கறி, இட்லி விற்ற பெண்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டதோடு நிற்காமல், வியாபாரத்துக்குக் கொஞ்சம் கடன் கிடைக்க வழி உண்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டதுதான் அவருடைய பெருமை என்று நினைக்கிறேன். 1978-இல் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' பிறந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றார்கள். தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் ஏழைகளுக்கென்று இருந்த 4 சதவீத வட்டிக் கடன் அவர்கள் கைக்கு வந்தது. வங்கிகளையே நம்பியிருந்தால் போதாது என்று தெரிந்ததும், 1981-இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிக்கொண்டார்கள். வங்கதேசத்தின் கிராமீன், வங்கி என்ற வடிவம் பெற்றது 1983-இல். நம் ஊர்ப் பெண்கள் இரண்டு வருடம் முந்திக்கொண்டார்கள் என்பதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதற்குப் பிறகு மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன, வங்கி இணைப்பு வந்தது. ஆனாலும் கடலை நம்பிய வியாபாரத்துக்கு வேறு அடிகளும் உண்டு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தபோது, நல்ல மீனைக்கூட வாங்க ஆட்கள் தயங்கினார்கள். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருமானம் குறையும் மாதங்களுக்கென உள்ள மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால், மாநில அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அக்கா சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒரே ஒரு தண்டல் சுற்றில் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்படுவதும் அதே 1,500 ரூபாய்தான். வருடத்தில் மூன்று சுற்று வாங்கினால், அந்த 4,500-ம் போய்விடுகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் அம்மாவிடம், இன்றைய முதலை எங்கே புரட்டினீர்கள் என்று ஒரு நாள் நின்று கேட்டு எழுதுங்கள். அவருடைய பெயர் வேண்டாம், கணக்கு போதும். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அந்தக் கணக்குகளுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்