காட்டாமணக்கு: 2006-ல் நான் வகுப்பில் சொன்னது தப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. தரிசு நிலத்தில் காட்டாமணக்கு நடலாமாம், ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமாம். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது. கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மை போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு தம்பி, இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், தனியாகவே கேட்டுவிட்டான்: "சார், ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். அப்பா நிலம் ரெண்டு ஏக்கர் சும்மாதான் கிடக்கு. பத்து வருஷ ஒப்பந்தமாம். போடலாமா?"

போடாதே தம்பி. அதை உன் ஒருவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஏனென்றால் அந்த வீடியோவில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் 2006-ல் நான் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். எண்ணெயோடு மெத்தனால் சேர்த்தால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓடியதைக் கதை மாதிரிச் சொன்னேன். குடியரசுத் தலைவராக இருந்த கலாம் ஐயாவே காட்டாமணக்கைப் பற்றிப் பேசினார். கலாம் சொன்ன பிறகு ஒரு அறிவியல் வாத்தியாருக்கு மறுபேச்சு ஏது? உங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி பள்ளிச் சுவர் ஓரமாகக் கன்று நடவைத்தேன்.

சுவரோரம் நட்டதோடு நின்றிருந்தால் பாவம் இல்லை. என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, மானாவாரியில் மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தவர். "தம்பி, நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இரண்டு ஏக்கரையும் காட்டாமணக்குக்கு மாற்றினார். குழி வெட்ட, கன்று வாங்க அண்ணியின் செயின் அடகுக்குப் போனது. முதல் வருஷம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷம் மழை குறைவு, செடி செத்துவிடவில்லை, காய்க்கவும் இல்லை. மூன்றாம் வருஷம் கொஞ்சம் காய்த்தது. வாங்கிக்கொள்கிறேன் என்றவர்கள் போனை எடுக்கவில்லை. நாலு மூட்டை விதை திண்ணையில் கிடந்தே வீணானது. மல்லாட்டை என்றால் வந்தவாசி கமிட்டிக்கோ சேத்துப்பட்டு கமிட்டிக்கோ கொண்டுபோய்ப் போடலாம். விலை முன்னே பின்னே இருக்கும், ஆனால் போட இடம் இருக்கிறது. இதை எங்கே கொண்டுபோவது?

கடைசியில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினார். இன்று வரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கையாவது அப்போதே போட்டுப் பார்த்திருக்கலாம். மத்திய அரசு 2005-ல் அறிவித்த கொள்முதல் விலை லிட்டருக்கு 25 ரூபாய். அது ஆலையில் தயாரான பயோடீசலுக்கு, விவசாயியின் விதைக்கு அல்ல. மூன்றரை முதல் நாலு கிலோ விதை ஆட்டினால்தான் ஒரு லிட்டர் எண்ணெய். அந்த 25 ரூபாய் முழுவதையும் விவசாயிக்கே கொடுத்தாலும் கிலோவுக்கு ஆறு, ஏழு ரூபாய்தான் தேறும். ஆட்டுகூலி, மெத்தனால், லாரி வாடகை, ஆலைக்காரர் லாபம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? இந்தக் காய் ஒரே சமயத்தில் பழுக்காது. அதே செடிக்குத் திரும்பத் திரும்ப ஆள் போக வேண்டும். பறிகூலியே விதை விலையைத் தின்றுவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். அறிவியல் வாத்தியார் போடவில்லை.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் இல்லாமல் காட்டாமணக்கு உயிரோடு இருக்கும், உண்மைதான். உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. 2003-ல் திட்டக் குழுவின் அறிக்கை ஹெக்டேருக்கு 3.75 டன் விதை என்று கணக்குப் போட்டது. கோயம்புத்தூர் மாவட்டத்திலும் நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் காட்டாமணக்கு போட்ட விவசாயிகளிடம் ஆய்வாளர்கள் நேரில் விசாரித்து 2010-ல் கட்டுரை வெளியிட்டார்கள். விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவருக்கே ஏதாவது தேறும், ஏழை விவசாயியை இது மேலும் ஏழையாக்குகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. கிணறும் மோட்டாரும் இருப்பவன் எதற்கு இதைப் போடப்போகிறான்?

இலக்கு போன போக்கையும் பாருங்கள். 2003 அறிக்கை: 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம். 2009 கொள்கை: 2017-க்குள் 20 சதவீதம். 2018 கொள்கை: 2030-க்குள் 5 சதவீதம். பிள்ளை பாஸாகவில்லை என்று பாஸ் மார்க்கைக் குறைத்துக்கொண்டே போகிற பள்ளிக்கூடம் மாதிரி. நாட்டில் கலக்கிற பயோடீசல் இன்னும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. அதிலும் பெரும்பகுதி பொரித்து மீந்த எண்ணெயிலிருந்தும் பாமாயில் கழிவிலிருந்தும் வருவது.

பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனம் 2007-ல் காட்டாமணக்கில் இறங்கி 2009-ல் வெளியேறிவிட்டது. இரண்டே வருஷம். அவர்களால் முடியும். பத்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ரெண்டு ஏக்கர்காரனால் முடியுமா?

செடிமேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன வயதில் அதன் காம்பை ஒடித்து, பாலை ஊதிக் குமிழி விட்டவன்தான் நானும். வேலியில் இருக்கட்டும், மண் அரிப்பைத் தடுக்கும். விதையைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம், வாந்தி நிற்காது. பிண்ணாக்கையும் மாடு தின்ன முடியாது. மல்லாட்டை பொய்த்த வருஷத்திலும் கொடியாவது மாட்டுக்கு மிஞ்சும்.

தம்பி, "சும்மா கிடக்கு" என்று எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். உன் நிலத்தை எனக்குத் தெரியும். மழைக்குப் பிறகு உன் தெருவின் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. உன் பெரியம்மா வீட்டு அடுப்புக்குச் சுள்ளி அங்கிருந்துதான் போகிறது. பட்டாவில் தரிசு என்று எழுதியிருந்தால் ஆட்டுக்கு அது தெரியுமா? டெல்லியில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நடலாம் என்று எழுதியவர்கள் இதையெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆராய்ச்சியில் நல்ல ரகம் வந்துவிட்டது என்று ஏஜெண்ட் சொல்வார். வந்திருக்கட்டும். நம் பக்கத்தில் மானாவாரியில் ஐந்து வருஷம் காய்த்த தோட்டம் ஒன்றைக் காட்டச் சொல். குறைந்தபட்ச விலையை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல். வாங்க வராவிட்டால் பிடுங்குகிற செலவு யாருடையது என்றும் கேள்.

கையெழுத்துப் போடாமல் பத்திரத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தெள்ளார் வந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. அண்ணனை வரச் சொல்கிறேன். ஜேசிபிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.