மரபணு ஒரு ஜாதகமல்ல

எங்கள் வீட்டில் சர்க்கரை வியாதி ஒரு குடும்பச் சொத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்த என் தந்தை அதனால் ஒரு காலை இழந்தார். எனக்கு ஐம்பதாவது வயதில் வந்தது. செம்பூரில் என்னோடு இருக்கும் மகனுக்கு வயது 38. சென்ற தீபாவளிக்கு முன் ஒரு கம்பெனிக்கு எச்சிலைக் குழாயில் அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொண்டான். "அப்பா, சர்க்கரை வராமல் காக்கும் ஜீன் எனக்கு இருக்கிறதாம்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது மைசூர்பாகை எடுத்தான். அதுவே இதை எழுதத் தூண்டியது.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். ஆனால் சோதனை என்றால் என்னவென்று தெரியும். ரயில் பெட்டியின் அச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை அல்ட்ராசானிக் கருவியால் தேடுவோம். அக்கருவியைச் சரிபார்க்க ஒரு மாதிரிக் கட்டை வேண்டும். அது அச்சின் எஃகை ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் கணக்கு தப்பும்.

மகன் காட்டிய காகிதத்தில் இருந்த மரபணுவின் பெயர் பிபிஏஆர்ஜி. இது கொழுப்புச் செல்களில் வேலை செய்வது. பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை இதன் மீதுதான் செயல்படுகிறது. ஆகவே இதைச் சந்தேகித்து ஆராய்ந்ததில் நியாயம் உண்டு. வெள்ளையரிடம் இதன் 'ஆலா' என்ற வகை நோயைக் குறைப்பதாகத் தெரிந்தது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் அமெரிக்காவின் டாலஸ் நகர விஞ்ஞானிகளும் சேர்ந்து, சென்னைவாசிகள், டாலஸில் குடியேறிய தெற்காசியர், டாலஸ் வெள்ளையர் என்று மூன்று தரப்பிலும் சோதித்தனர். 2006-ல் முடிவு வெளியானது. வெள்ளையருக்கு அந்த வகை பாதுகாப்பு. சென்னையிலும் டாலஸிலும் நம்மவருக்கு அது இல்லை!

மரபணு ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. ஐஸ்லாந்தில் 2006-ல் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் தொடர்பு, 2007-ல் இந்தியரிடமும் உறுதியாயிற்று. ஆனால் நோய்க்கு வழிவிடும் அந்த வகையைப் பெற்றவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை; பெறாதவர் எல்லோரும் தப்புவதுமில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொல்வது வேறு. தனி ஒருவனுக்குப் பலன் சொல்வது வேறு.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. வரன் பார்க்கும்போது "பெண் வீட்டில் சர்க்கரை உண்டா?" என்று இப்போதே கேட்கிறார்கள். நாளை ஜாதகத்தோடு மரபணுக் காகிதத்தையும் கேட்டால், செவ்வாய் தோஷத்தோடு ஜீன் தோஷமும் சேர்ந்துகொள்ளும். அதற்கு நம் சமூகம் இடங்கொடுக்கக் கூடாது.

நம் கையில் இருப்பது என்ன? சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், நோயின் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. அவர்களும் நம்மைப் போன்ற இந்தியரே. ஜீனை மாற்ற முடியாது. சோற்றின் அளவை மாற்றலாம்.

மகனை வற்புறுத்தி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். அந்தப் 'பாதுகாப்பான ஜீன்' இருந்தும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. நல்லவேளை, அதைத் தாண்டவில்லை. இப்போது தினமும் காலையில் இருவரும் டயமண்ட் கார்டன் வரை நடக்கிறோம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் ஆண்டுக்கொரு முறை இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். முப்பது வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பெற்றோரே கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். என் தந்தைக்கு அப்படி அழைத்துப் போக ஆளில்லை.