பச்சைக் கோட்டுக்குப் பெயர் கொடுத்த வேலை

ஆதித்யா எல்-1 விண்ணில் ஏறிய 2023 செப்டம்பர் 2 அன்று எங்கள் கல்லூரியில் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். ஆனால் முதுகலை ஆய்வகத்தில் நிறமாலைமானியோடு காலம் தள்ளுகிறவனுக்கு ஒரு மனக்குறை. அந்த விண்கலத்தின் ‘வெல்க்’ கருவி சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் பார்க்கும் 530.3 நானோமீட்டர் பச்சைக் கோடு எந்த அணுவுடையது, அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1869 கிரகணத்தின்போது அமெரிக்காவில் அதைப் பார்த்தார்கள். தெரிந்த தனிமம் எதோடும் பொருந்தவில்லை. முந்தைய ஆண்டு குண்டூரில் தெரிந்த கிரகணத்தையொட்டிச் சிக்கிய மஞ்சள் கோடு ஹீலியத்துக்கு வழிகாட்டியது அல்லவா, அதே தைரியத்தில் இதற்கும் ‘கொரோனியம்’ என்றொரு தனிமத்தைக் கற்பித்துவிட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது. எழுபது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் குரோட்ரியானும் ஸ்வீடனின் எட்லேனும்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். எட்லேன் ஆய்வகத்தில் வெற்றிடத் தீப்பொறியில் அயனிகளின் ஒளியை அளந்தவர். அந்த ஆற்றல் மட்டங்களை வைத்துக் கணக்குப் போட்டால், பச்சைக் கோடு 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு! இரும்பு அந்த நிலைக்கு வர பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். கொரோனா இவ்வளவு சூடு என்பதற்கு வலுவான சான்று தந்தது பெரிய தொலைநோக்கி அல்ல, ஆய்வக அட்டவணை.

எங்கள் மாணவர்கள் சோடியம் விளக்கின் இரட்டைக் கோடுகளுக்கு 589.0, 589.6 என்று ரெக்கார்டு நோட்டில் முதலிலேயே எழுதிவிட்டு, வெர்னியர் அளவைப் பின்னாலிருந்து வரவழைப்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான். வானியலாளருக்கு அந்த வசதி எப்போதும் இருப்பதில்லை. 2017இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஒளியில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடயத்தை 2019இல் அடையாளம் கண்டார்கள். அதன் கோடுகள் குறைவு, நன்கு அளக்கப்பட்டவை. அதே ஒளியில் தேடும் லாந்தனைடுகள் என்ற அருமண் தனிமங்களுக்கோ கோடுகள் ஆயிரக்கணக்கில். அகச்சிவப்பில் அளந்த தரவு போதவில்லை.

தொலைநோக்கிக்குக் கோடிகளை ஒதுக்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதோடு கோடுகளை அளக்கும் ஆய்வகத்துக்கும் ஒரு பங்கை அதே கோப்பில் எழுதுங்கள். பல ஆண்டு உட்கார்ந்து ஒரே அயனியை அளந்து பட்டியல் வெளியிடுகிறவருக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலைக்கு எந்த மாணவனை நான் அனுப்புவேன்?