வரிசையில் நின்ற வினாத்தாள்





நாங்கள் ஓதிய காலத்தில் மத்ரஸாப் பரீட்சைக்கான வினாத்தாள்கள் ரோணியோவில்தான் அடிக்கப்படும். உஸ்தாத் அவர்கள் ஸ்டென்சில் தாளில் தம் கையாலேயே அறபு எழுதுவார்கள். பிரதிகள் எடுத்து முடிந்ததும், மை ஒழுகும் அந்த ஸ்டென்சிலை அடுப்படிக்குக் கொண்டுபோய் நெருப்பில் போட்டு, அது சாம்பலாகும் வரை பக்கத்திலேயே நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று எங்களுக்கு விளங்கியதில்லை. மறைந்து நின்று சிரித்திருக்கிறோம். சென்ற வருடம்தான் அது எனக்கு விளங்கியது.

இன்று நான் கற்பிக்கும் அறபுக் கல்லூரியில் ரோணியோ இல்லை. பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்புச் செய்த கணினியும் ஓர் அச்சுப்பொறியும் காரியாலயத்தில் இருக்கின்றன. கணினிக்கு வயது போய்விட்டது. வின்டோஸ் அதில் மூச்சு வாங்கியதால் எங்கள் இளம் உஸ்தாத் ஒருவர் லினக்ஸ் போட்டுத் தந்தார். அப்படியிருந்தும் அச்சிடுவதற்கான பெட்டியைத் திறந்தால் திரை சிலபோது உறைந்துவிடும். ஆகவே, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, கோப்பை நேரடியாக அச்சுப்பொறிக்கு அனுப்பும் வழியை அவர் எனக்குக் கற்றுத் தந்தார். ‘எல்பி’ என்ற இரண்டெழுத்து, ஓர் இடைவெளி, பின்னர் கோப்பின் பெயர். அவ்வளவுதான். பிரதி நாற்பத்திரண்டு வேண்டுமாயின் நடுவில் ‘-என் 42’ என்று சேர்க்க வேண்டும். (கட்டளைகளை இங்கு தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

அன்று சனிக்கிழமை இரவு. திங்களன்று நஹ்வுப் பரீட்சை. இஷாவுக்குப் பின் காரியாலயத்தில் தனியே அமர்ந்து கட்டளையைத் தட்டினேன். திரையில் ஏதோ ஒரு வரி வந்தது, அச்சுப்பொறி அசையவில்லை. மீண்டும் தட்டினேன். அசையவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே. சலித்துப்போய்க் கணினியை அணைத்துவிட்டு, கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். மறுநாள் வெளியூரில் உள்ள நம்பிக்கையான ஒருவரின் கடையில் பிரதி எடுத்து, உறையிலிட்டு ஒட்டி வைத்தேன். அமானிதத்தைச் சரியாக நிறைவேற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிறு மஃரிபுக்குப் பின் விடுதிப் பொறுப்பாளர் ஒரு தாளுடன் வந்தார். என் வினாத்தாள்! ஒரு மாணவனின் கிதாபுக்குள் இருந்ததாம். மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“வல்லாஹி நான் களவெடுக்கல்ல ஹஸ்ரத். ரஃப் கட்டுல கிடந்திச்சு. பழைய பேப்பர் என்டு நினைச்சன்.”

2022 மார்ச்சில் நாட்டில் காகிதம் கிடைக்காமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து எங்கள் கல்லூரியில் ஒருபக்கம் அச்சான தாள்களை எறிவதில்லை. கட்டிவைத்து, மறுபக்கத்தில் மாணவர்கள் எழுதிப் பழகுவார்கள். அதைத்தான் அவன் சொன்னான். நான் நம்பவில்லை. எப்படி நம்புவது? காரியாலயத்தில் ஒரு தாள்கூட அச்சாகவில்லை என்பதை என் கண்ணாலேயே கண்டவன் நான். அப்படியானால் என் பையிலிருந்த உறையைப் பிரித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். உறையைப் பார்த்தேன், ஒட்டியபடியே இருந்தது. அதற்கும் ஒரு காரணத்தை என் மனம் கற்பித்துக்கொண்டது. அவனுடைய வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, காலையில் வரும்படி சொன்னேன். ஸூரதுல் ஹுஜுராத்தின் தப்ஸீரை அதே வகுப்புக்கு அந்தத் தவணையில் நடத்தியதும் நான்தான்.

திங்கள் காலை. வாப்பா பஸ்ஸில் வந்து இறங்கி, காரியாலய வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மகன் சுவரோரம். அந்த நேரம் இளம் உஸ்தாத் கணினியைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினார்: ‘எல்பிஸ்டாட் -டபிள்யூ கம்ப்ளீட்டட்’. (இதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து.) நிறைவேறிய வேலைகளின் பட்டியல் வந்தது. அதில் அடுத்தடுத்து மூன்று இலக்கங்கள்: 87, 88, 89. மூன்றும் ஒரே அளவு. மூன்றும் நான் அனுப்பியவை.

லிகிதரைக் கேட்டோம். “அந்தக் கடதாசியா ஹஸ்ரத்? ஞாயிறு காலைல தூசி தட்டக்குள்ள வயர் கழன்டு கிடந்திச்சு. இறுக்கிப் போட்டிட்டுக் கம்பியூட்டரைப் போட்டன், தானா வரத் தொடங்கிட்டு. அறபுல இருந்திச்சு, பழசாக்கும் என்டு கட்டுல வெச்சிட்டன்.”

நாற்பத்திரண்டை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். நூற்றிருபத்தாறு தாள்.

வகுப்பில் எல்லோருக்கும் முன்னிலையில் அந்தப் பிள்ளையிடம் மாப்புக் கேட்டேன். வாப்பாவிடமும் கேட்டேன். அவர், “அதுக்கென்ன மௌலவி, பரவாயில்ல” என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அல்லாஹ்வுடைய ஹக்கில் செய்த குறைக்குத் தௌபா உண்டு. அடியானுடைய ஹக்கில் செய்ததற்கு அந்த அடியானும் மன்னிக்க வேண்டுமே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் விளங்காதிருந்தது இதுதான்: எல்பி என்ற கட்டளை தாளை அச்சிடுவதில்லை. கோப்பின் பிரதியொன்றை எடுத்து ஒரு வரிசையில் நிறுத்துகிறது. வரிசையை நடத்துவது ‘கப்ஸ்’ என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் ஆக்கிய இது 1999இல் வெளிவந்தது. 2007இல் அப்பிள் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. லினக்ஸிலும் அப்பிள் கணினியிலும் இதே கட்டளைகள்தாம். வயர் கழன்றிருந்தால் வேலை வரிசையில் காத்து நிற்கும். கணினியை அணைத்தாலும் அழியாது. வட்டில் எழுதப்பட்டு இருக்கும். மறுபடி போட்டதும் விட்ட இடத்திலிருந்து வரிசை நகரும். நான் ‘அச்சாகவில்லை’ என்று நினைத்ததெல்லாம் ‘இன்னும் அச்சாகவில்லை’ என்பதுதான்.

திரையில் வந்த அந்த ‘ஏதோ ஒரு வரி’ என்ன தெரியுமா? அச்சுப்பொறியின் பெயரும் வேலையின் இலக்கமும். பற்றுச்சீட்டு மாதிரி. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்று வருடாவருடம் பாடம் நடத்துபவன், இயந்திரம் எழுதித் தந்த இலக்கத்தை மும்முறையும் வாசிக்கவில்லை. (‘எல்பிஆர்’ என்று இதற்கு ஒரு சகோதரக் கட்டளை உண்டு. அது வேலையை ஏற்றுக்கொண்டாலும் வாயே திறக்காது. எனவே எல்பிதான் எனக்குப் பிடிக்கும்.)

தாள் வராவிட்டால் இரண்டாந்தரம் அனுப்பாதீர்கள். ‘எல்பிஸ்டாட் -ஓ’ என்று தட்டுங்கள். காத்து நிற்பவை தெரியும். ‘எல்பிஸ்டாட் -பி’ என்றால் அச்சுப்பொறி ஓய்வாக இருக்கிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் ‘கேன்சல்’ என எழுதி, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைக் கொடுங்கள். இடையில் ‘-எக்ஸ்’ சேர்த்தால் வரிசைக்கென எடுத்த பிரதியும் அழிந்துவிடும். அதற்குப் பிறகு கதவைப் பூட்டுங்கள். அச்சுப்பொறி ஒன்றுக்கு மேல் இருக்கும் இடமாயின் ‘-டி’ போட்டு அதன் பெயரைச் சொல்லியே அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் கணினி தனக்குப் பழக்கமான ஒன்றுக்கு அனுப்பிவிடும். அது மாணவர் நூலகத்தில் இருக்கும் அச்சுப்பொறியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அச்சாகி முடிந்த பின்னரும் கோப்பின் பிரதியைக் கப்ஸ் வழமையாக 86,400 விநாடிகள், அதாவது ஒரு முழு நாள், வைத்திருக்கும். அதே பயனர் பெயரில் நுழைந்தவர் எவரும் அந்த இலக்கத்தைக் கொடுத்து மறுபடி அச்சிடலாம். எங்கள் காரியாலயத்தில் எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல்! இப்போது தனித்தனியே மாற்றியிருக்கிறோம். பிரதி வைத்திருக்கும் அந்தப் பழக்கத்தையும் அமைப்புக் கோப்பில் நிறுத்திவிட்டார் இளம் உஸ்தாத்.

அறபு, தமிழ் எழுதுவோருக்கும் ஒரு சொல். வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்பினால் எனக்கு அறபெழுத்துக்கள் கைகோர்க்காமல் தனித்தனியே வந்தன; சிலது வெறும் கட்டங்கள். பாமினியில் தட்டிய பழைய தமிழ் இன்னும் மோசம், எழுத்துரு கூட வராததால் ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவையும் அதற்குள் பதித்து அனுப்பினால் ஃபத்ஹு, கஸ்ர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நேரம் குறித்து அனுப்பவும் வழியுண்டு. பெரிய எழுத்து ‘-ஹெச்’ போட்டு மணியைக் கொடுத்தால் அதுவரை வேலை காத்து நிற்கும். ஆனால் அந்த மணி நம் நாட்டு மணியல்ல, உலகப் பொது நேரம். காலை 6.30க்கு வேண்டுமாயின் ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்து 01:00 என்று கொடுக்க வேண்டும். 6.30 என்றே கொடுத்தால் தாள் நண்பகல் பன்னிரண்டுக்கு வரும். பரீட்சை முடிந்து பிள்ளைகள் ளுஹருக்கு வுழூ செய்துகொண்டிருப்பார்கள்.

‘எங்கள் வீட்டில் லினக்ஸும் இல்லை, மத்ரஸாவும் இல்லை’ என்று இந்தப் பக்கத்தைப் புரட்டப்போகும் சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள். கொமியூனிகேஷன் கடையில் மகளின் பிறப்பத்தாட்சியையோ உங்கள் அடையாள அட்டையையோ அச்சிடக் கொடுக்கிறீர்கள். “பிரிண்டர் வேலை செய்யுதில்ல” என்கிறார் கடைத் தம்பி. பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறீர்கள். கட்டளையால் அனுப்பினாலும் சுட்டியால் அழுத்தி அனுப்பினாலும், வின்டோஸிலும் இதே வரிசைதான். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பின் உங்கள் பத்திரம் யாரோ ஒருவரின் கைக்கு வரலாம். “தம்பி, வரிசையிலிருந்து அதை அழிச்சிட்டீங்களா? எனக்குக் காட்டுங்க” என்று கேட்பதில் வெட்கமில்லை.

நஹ்வுப் பரீட்சையை வியாழனுக்குத் தள்ளினோம். புதிய வினாத்தாளைப் புதனிரவு அனுப்பினேன். இலக்கம் 94. குறித்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு தாளையும் எண்ணி எடுத்து, வரிசையில் ஒன்றுமில்லை என்பதைத் திரையில் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன். மறுநாள் அந்தப் பிள்ளை முன்வரிசையில் அமர்ந்து பரீட்சை எழுதினான். விடைத்தாளைத் தரும்போது ஸலாம் சொன்னான்.