பத்துக்கு ஒருவர் சரி, வீட்டுக்கு யார்?

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7 அன்று பிறப்பித்த உத்தரவை நம் வாசகர்கள் இதற்குள் வரி வரியாகப் படித்திருப்பீர்கள். தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்பது 2021 தீர்ப்பிலும் 2022 ஜூன் அறிவிக்கையிலும் வந்ததுதான். அதன் பிறகும் மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்காமல் காலம் கடத்தின. மூன்று வாரத்தில் அறிவியுங்கள் என்று நீதிமன்றமே கெடு வைக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகப் பணியாற்றுவோரைத் தகுதி பார்த்து நிரந்தரமாக்கக் குழு அமைக்கவும் சொல்லியிருக்கிறது. தொகுப்பூதியத்தில் வட்டார வள மையத்துக்கும் பள்ளிக்கும் அலைந்தே பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர்களுக்கு இது நியாயம். இந்த இதழ் அதை முழு மனதோடு வரவேற்கிறது.

ஆனால் அந்தப் பத்து பேர் யார்? எந்தக் குறைபாடு என்று பிரிக்காமல் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணுகிறது விகிதம். அறிவுசார் குறைபாட்டில் பட்டயம் பெற்றவர் காது கேளாத குழந்தைக்கும் கணக்கில் வந்துவிடுவார். சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களை நியமிக்கச் சொல்லும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை, பணியிடப் பட்டியல் தயாரிக்கும் மேசைகளில் யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. இதையாவது வழக்குப் போட்டுச் சரிசெய்யலாம்.

வழக்குப் போட்டும் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒன்றாம் வகுப்பில் பெயர் ஏறிய பிறகுதான் ஒரு குழந்தை பத்தில் ஒன்றாகிறது. இலவசக் கல்வி உரிமை தரும் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவும் 6 வயதில்தான் தொடங்குகிறது. காது கேளாத குழந்தைக்கு மொழி அமைய வேண்டிய ஆண்டுகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல சிறப்பாசிரியர் வந்தாலும் அவர் செய்வது விட்டதைப் பிடிக்கும் வேலை. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. நம் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களின் பதிவேட்டைப் புரட்டினால் வேறு விதமாக இருக்காது. அதாவது, வீட்டில் யாருக்கும் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் மொழி தெரியாது.

மையத்துக்கு வரும் நான்கு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு, மீசையை முறுக்கினால் அப்பா, சுண்டுவிரலை நீட்டினால் ஒன்றுக்கு. இப்படிப் பத்துப் பதினைந்து வீட்டுச் சைகைகளில் குடும்பம் ஓடுகிறது. பாட்டி ஊருக்குப் போய்விட்டாள். பிள்ளை வாசலைக் காட்டி அழுகிறது. ‘ஞாயிற்றுக்கிழமை வருவாங்க’ என்று சொல்ல அம்மாவிடம் வழியில்லை. இல்லை என்று தலையாட்டுகிறாள். பாட்டி இனி இல்லவே இல்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நாளை, ஏன், அப்புறம், ஒருவேளை இவையெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. இதே பிள்ளையைத்தான் பிறகு ‘பிடிவாதக்காரன், கவனக்குறைவு’ என்று நாம் குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

இதற்கு மருந்தாக நாம் என்ன கொடுத்தோம்? ‘கையைக் காட்டாதீங்க, காட்டினா பேச்சு வராது’ என்ற அறிவுரை. 1880இல் காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து விரட்டியது. 2010இல் வான்கூவர் மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டு கழித்து உலகம் கைவிட்டதை நம் ஆலோசனை அறைகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செவித்திறன் சோதனையான பெராவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்து நிற்கும் பெற்றோர் வெள்ளைக் கோட்டு சொல்வதைத்தான் கேட்பார்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு இவ்விதழ் எதிரி அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதைச் சேர்த்ததைப் பாராட்டுகிறோம். கருவியைக் குழந்தைக்கு ஏற்ப அமைக்கும் மேப்பிங்கும், கேட்டுப் பேசப் பழக்கும் ஏவிடியும் ஒழுங்காக நடந்த இடங்களில் நல்ல பலன் உண்டு. ஆனால் குளிக்கும்போதும் தூங்கும்போதும் பிராசஸரைக் கழற்றுகிறோம். கேபிள் அறுந்தால் புதியது கைக்கு வரும் வரை குழந்தை எந்த மொழியில் இருக்கும்? அறுவைச் சிகிச்சைக்கு லட்சங்கள் ஒதுக்குகிறார்கள், அதே குடும்பம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சைகை மொழி கற்க ஒரு ரூபாய்க்கும் தலைப்பு இல்லை. கேட்டால் ‘அது பெற்றோர் விருப்பம்’ என்கிறார்கள் அதிகாரிகள். தெரியாத ஒன்றை எப்படி விரும்புவது? அப்படி ஒன்று உண்டு என்றே அந்தத் தாயிடம் யாரும் சொல்லவில்லையே!

அடுத்த பதில் தயாராக இருக்கும்: ‘ஆப் இருக்கிறதே, சார்.’ இருக்கிறது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. 2022இல் சைன் லேர்ன் செயலி வந்தது. 2024 டிசம்பரில் சைகை மொழிக்கென பிஎம் இ-வித்யாவின் 31ஆம் சேனலும் வந்துவிட்டது. அத்தனையும் உருப்படியான வேலை. ஆனால் கையில் அகராதியைக் கொடுத்துப் பேசக் கற்றுக்கொள் என்று எந்தக் குழந்தையையும் யாரும் விட்டதில்லை. குழந்தைக்கு வேண்டியது தன்னோடு பேசும் ஆள்.

காது கேளாத ஆசிரியர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து படப் புத்தகம் திறக்கும்போது வேறுபாடு தெரியும். அம்மா படத்தைக் காட்டியபடியே பேசிக்கொண்டு போகிறாள். பிள்ளையின் கண் புத்தகத்தில் இருப்பதால் அவள் முகத்தில் நடப்பது எதுவும் அதற்குத் தெரிவதில்லை. அந்த ஆசிரியரோ அவசரப்படுவதில்லை. படத்தைப் பார்த்து முடித்துப் பிள்ளை நிமிரும் வரை காத்திருந்து, பிறகு சைகை செய்கிறார். சில நேரம் பக்கத்தின் மேலேயே கையை வைத்துச் செய்கிறார். கூப்பிடத் தோளைத் தட்டுகிறார், இல்லையென்றால் விளக்கை அணைத்துப் போடுகிறார். இந்தக் காத்திருப்பை எந்தச் செயலியும் சொல்லித் தருவதில்லை. இலக்கணமும் நம் தாய்மார்களை மிரட்டுவதில்லை. இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும். ‘அப்பா எங்கே’ என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் என்ன கஷ்டம்? அப்பாக்கள்தான் கடைசியில் வருகிறார்கள். வகுப்பை வேலை நாள் காலை பதினொரு மணிக்கு வைத்தால் வரவே மாட்டார்கள்.

சைகை மொழி கற்பிப்பதற்கென்றே, காது கேளாதோருக்காகவே வகுத்த டிடிஐஎஸ்எல் பட்டயம் நடைமுறையில் இருக்கிறது. அதை முடித்தவர்களை நம் மாநிலத்தின் ஆரம்பநிலை மையங்களுக்கு அழைத்துவர வேண்டியது அரசின் கடமை. உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை என்று துறை கை கழுவலாம். செய்யாதே என்றும் அது சொல்லவில்லை.

பணியிடப் பட்டியல்கள் தயாராகும் நேரம் இது. மையப் பொறுப்பாளர்களாகவும் தகுதிக் குழுக்களுக்குக் கருத்து அனுப்புவோராகவும் இருக்கும் வாசகர்கள், மையத்துக்கு ஒரு காது கேளாத சைகை மொழி ஆசிரியர், ஞாயிறு குடும்ப வகுப்பு, மாதம் இருமுறை வீட்டு வருகை ஆகிய மூன்றையும் உங்கள் முன்மொழிவில் எழுத்தில் சேருங்கள். நகலை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆணையருக்கும் அனுப்புங்கள். ஆடியாலஜிஸ்ட் நண்பர்கள், பெரா முடிவைச் சொல்லும் அன்றே சைகை மொழி வகுப்பு நடக்கும் இடத்தையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.