ஐடிலில் உதறுகிற வண்டியும் அவசரமாக மாற்றுகிற இன்ஜெக்டரும்

சிக்னலில் கார் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, கண்ணாடி ஆடுகிறது, டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார்கூடக் குலுங்குகிறார். கியர் போட்டுக் கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பழைய டர்போ டீசல் காரை வைத்து டாக்ஸி ஓட்டும் பலருக்கும் தெரிந்த கதைதான். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "இன்ஜெக்டர் போச்சு சார், நாலையும் மாத்திடலாம்." ஒரு பல் வலிக்கிறது என்று போனவருக்கு வரிசையாக நாலைப் பிடுங்குகிற வைத்தியம்! அவ்வளவும் செலவழித்த பிறகும் வண்டி அதே மாதிரி உதறினால் அந்த மாத டியூவை எதை வைத்துக் கட்டுவது?

உதாரணத்துக்கு ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1248 சிசி, நாலு சிலிண்டர், காமன் ரெயில். 2007-ல் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. பிறகு டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் ஏறியது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இன்று ரோட்டில் ஓடுகிற மாருதி டீசல் எல்லாமே வயசான வண்டிகள்தான்.

ஐடிலில் மட்டும் ஏன் உதறல்? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்றில் டீசல் பட்டுத்தான் தீப்பிடிக்கிறது. ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தடவைக்குப் போகிற டீசல் ஒரு சொட்டில் சின்னப் பங்குதான். அதில் கொஞ்சம் கூடக்குறைய ஆனாலே இன்ஜின் தடுமாறும். வேகத்தில் அது தெரியாமல் போய்விடும். பாவம் டர்போவைத் திட்டுகிறவர்களும் உண்டு. ஐடிலில் அதற்கு வேலையே அநேகமாக இல்லை :-)

கண்டுபிடிக்கிற வேலை கேள்வியில் ஆரம்பிக்க வேண்டும். காலையில் வெள்ளைப் புகையோடு உதறி, சூடானதும் அடங்கினால் குளோ பிளக்கையோ கம்ப்ரஷனையோ சந்தேகப்படலாம். இன்ஜின் சத்தம் சீராக இருந்து உள்ளே மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங் ரப்பர். ஃபில்டர் அடைத்திருக்கலாம், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். பம்ப்புக்குப் போகிற லைனில் கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி ஹோஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் குமிழி தெரிந்துவிடும். இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து மூடாமல் நின்றாலும் உதறும், ஏனென்றால் புகையே திரும்ப உள்ளே வந்து நல்ல காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தாலே பல சமயம் போதும்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர். அதற்கும் சுலபமான சோதனை இருக்கிறது. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனையும் ஒரே அளவுள்ள நாலு பாட்டிலில் விட்டு, சில நிமிஷம் ஐடிலில் ஓட விடுவது. எந்தப் பாட்டில் மற்றதைவிட ரொம்ப வேகமாக நிறைகிறதோ, அதன் இன்ஜெக்டர்தான் முதல் சந்தேகம். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைத்து இ.சி.யு. சமாளிக்கிறது என்பதை ஸ்கேனரும் காட்டும். இரண்டும் ஒரே சிலிண்டரைக் காட்டினால் அதை மட்டும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அந்த வேலை கூடவே கூடாது. ஐடிலிலேயே அதில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இவ்வளவு சோதனையை ஏன் பலர் செய்வதில்லை? மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பல ஆயிரம் ரூபாய் பார்ட்ஸுக்கு யோசிக்காமல் கொடுக்கிறவர், "அரை நாள் டெஸ்ட் பண்ணினேன், கூலி கொடுங்க" என்றால் "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்கிறார். அப்புறம் அந்த மெக்கானிக் எதில் சம்பாதிப்பார்? பார்ட்ஸ் கமிஷனில்தான். பழுதைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, மாற்றினால்தான் வருமானம் என்றால் மாற்றத்தான் செய்வார்கள். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள பி.காம். படிக்கத் தேவையில்லை.

பில்லில் டெஸ்டிங் சார்ஜைத் தனியாகப் போடச் சொல்லி, அதைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். அதற்குப் பதிலாக, நாலு இன்ஜெக்டரும் போச்சு என்று சொன்னால் அந்த நாலு பாட்டிலையும் காட்டச் சொல்லலாம்.